இரண்டாம் பாகத்தில் அவளுடைய காது எங்கே போயிற்று? (முடிவு வரை பேசியிருக்கிறேன், படிக்காதவர்கள் கவனம்)

தாள்வாசி (இழையைத் தொடங்கியவர்)

இந்த இளையோர் காதல் நாவலின் முதல் பாகத்தை நான் எத்தனை பேர் கையில் திணித்திருக்கிறேன் என்று இங்கே வந்துபோகிறவர்களுக்குத் தெரியும். அதனால் இரண்டாம் பாகத்தைப் பற்றி இப்படி எழுத வேண்டியிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பள்ளிக்கூடத்துப் பெண், ஊரே கொண்டாடும் இளம் பாடகன், தற்செயலாக ஒரு சந்திப்பு. கேட்டால் எங்கேயோ படித்த கதை மாதிரிதான் இருக்கும். ஆனால் முதல் பாகத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு காது இருந்தது. ஒலிப்பதிவு இன்ஜினியராக வேண்டும் என்பது அவள் கனவு. மாடிப்படியில் உட்கார்ந்து அவன் புதுப் பாட்டைப் பாடிக் காட்டும் இடம் ஞாபகம் இருக்கிறதா? சுற்றியிருப்பவர்கள் எல்லாம் சூப்பர் என்று சொல்லிக்கொண்டிருக்க, இவள் மட்டும் இரண்டாவது வரி முடிவதற்குள் உனக்கு மூச்சு தீர்ந்துபோகிறது, ஒரு சொல்லைக் குறைத்துப் பார் என்பாள். அவன் முறைப்பான். பிறகு குறைத்துப் பாடிப் பார்ப்பான். பாடி முடித்துவிட்டுத்தான் அவளுடைய பெயரையே கேட்பான். அந்த ஒரு பக்கத்தில் இரண்டு பேரும் யார், ஒருவருக்கு மற்றவர் எதற்குத் தேவை என்பதெல்லாம் வந்துவிட்டது.

இரண்டாம் பாகத்தில் அவள் விடுமுறைக்கு அவனோடு இசைச் சுற்றுப்பயணம் போகிறாள். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒலிக்காக உயிரை விடும் பெண்ணை, தினமும் ஒரு அரங்கத்தில் ஸ்பீக்கர் கட்டி, ஒலியைக் கலக்கும் கன்சோல் போட்டு, கச்சேரிக்கு முன் ஒலியைச் சோதிக்கும் சவுண்ட்செக் பார்க்கும் கூட்டத்துக்கு நடுவில் கொண்டுபோய் விடப்போகிறார்கள்! எழுத்தாளர் ஒன்றுமே செய்ய வேண்டாம், அவளை அந்தப் பக்கமாக நடக்க விட்டால் போதும்.

கிட்டத்தட்ட நானூறு பக்கம். அவள் ஒரு தடவைகூட ஹெட்போன் மாட்டவில்லை.

என்ன செய்கிறாள் என்றால், காத்திருக்கிறாள். ஒப்பனை அறையில், பஸ்ஸில், ஓட்டல் அறையில் அவன் வருகிற வரைக்கும் காத்திருந்து, கையில் போனை வைத்துக்கொண்டு தன்னைப் பற்றி முகம் தெரியாதவர்கள் எழுதுவதைப் படிக்கிறாள். பிறகு அந்தப் புகைப்படம் வருகிறது. சக பாடகியின் தோளில் அவன் கை. உடனே நம்பிவிடுகிறாள். மூன்றில் ஒரு பங்கு நாவல் அவள் அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்காததாலேயே ஓடுகிறது. கடைசியில் அவன் கச்சேரியைப் பாதியில் நிறுத்திவிட்டு எல்லார் முன்னாலும் அவள் பெயரைச் சொல்கிறான். முதல் பாகத்தின் முடிவும் இதேதான், இப்போது அரங்கம் மட்டும் பெரிது.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது கடைசி அத்தியாயம். ஒலிப்பொறியியல் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதை ஒரே வாக்கியத்தில் விட்டுவிட்டு அவனோடு அடுத்த விமானத்தில் ஏறுகிறாள். பின்னணியில் சூரிய உதயம். இதை நாம் சந்தோஷமான முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

பிரபல வாழ்க்கையைப் பற்றிய நாவல் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பது நல்ல உடையும் கறுப்புக் கண்ணாடியும்தான். அந்த வாழ்க்கையின் வேலை எங்கே? படித்தவர்கள் சொல்லுங்கள்.

---

சில்வண்டு

அக்கா, நீங்க சொல்றதுல பாதி சரி, பாதி ரொம்பக் கடுமை.

எனக்கு இந்தப் புத்தகம் பிடிச்சிருந்தது. எல்லாமே இல்ல, ஆனா அந்த ஓட்டல் அறை அத்தியாயம் இருக்கே, அதை நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். எந்த ஊர்ல இருக்கோம்னு தெரியாம நடுராத்திரி முழிச்சிக்கிட்டு, மேஜை மேல இருக்கிற லெட்டர்பேடைப் பார்த்து ஊர் பேரைத் தெரிஞ்சுக்குவாளே! அம்மாவுக்கு போன் பண்ணலாம்னு எடுத்து, அங்கே இப்ப மணி என்னன்னு கணக்குப் போட்டு, வேண்டாம்னு வெச்சிடுவா. அவனோட இருந்தும் தனியா இருக்கிறதை அவ்வளவு அழகா எழுதியிருக்காங்க. காத்திருக்கிறது மட்டுமே அவ வேலையாப் போச்சுன்னு நீங்க குறை சொல்றீங்க. அந்தக் காத்திருப்புதானே கதை? பெரிய ஆளை நேசிச்சா நம்ம நேரம் அவங்க நேரத்துக்குப் பின்னால வால் மாதிரி போகும், அதைத்தான் காட்டுறாங்கன்னு எனக்குப் பட்டது.

காதல் கதையில காதல் இருந்தா போதாதா? எல்லாப் பெண்ணும் புத்தகம் முழுக்க வேலை பார்த்துக்கிட்டே இருக்கணுமா?

ஆனா கடைசி அத்தியாயம் எனக்கும் பிடிக்கல. அதுல உங்க கட்சி.

---

தாள்வாசி

சில்வண்டு, ஓட்டல் அறை அத்தியாயம் நல்ல அத்தியாயம். இந்தப் புத்தகத்திலேயே எழுத்தாளர் நிதானமாக உட்கார்ந்து எழுதியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். லெட்டர்பேடைப் பார்த்து ஊரைத் தெரிந்துகொள்வதெல்லாம் யோசித்து எழுதினால்தான் வரும்.

எனக்கு வேண்டியது அவள் வேலைக்குப் போக வேண்டும் என்பது இல்லை. முதல் பாகத்தில் நான் பார்த்த பெண் அதே அறையில் இருந்தால் என்ன செய்திருப்பாள்? ஏசி என்ன சுருதியில் ரீங்கரிக்கிறது என்று கேட்டிருப்பாள். பக்கத்து அறைச் சுவர் வழியாக அவன் தொண்டையைச் சரிசெய்துகொள்வது கேட்டிருக்கும். நாளைக்கு அவனால் மேல் ஸ்தாயி தொட முடியாது என்று அவனுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும். காத்திருக்கட்டும், தாராளமாக. அவளாகக் காத்திருக்கட்டும். இப்போது அந்த அறையில் இருப்பது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

---

மேடைப்பின்புறம்

இழையைப் படித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை. கச்சேரி ஒலியமைப்புதான் என் பிழைப்பு. தங்கைதான் இந்த இரண்டு புத்தகத்தையும் கொடுத்துப் படிக்கச் சொன்னாள்.

ஒரு சுற்றுப்பயண நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலையில் லாரி வந்து நிற்கும். முதலில் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியவை, பிறகு விளக்கு, பிறகு எங்கள் ஸ்பீக்கர்கள். மதியத்துக்குமேல் ஒவ்வொரு மைக்கும் வாத்தியமும் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கும் லைன் செக், அதன் பிறகு பாடகர் வந்து சவுண்ட்செக். கதவு திறந்து கூட்டம் உள்ளே வரும். கச்சேரி முடிந்த நிமிஷமே எல்லாவற்றையும் பிரித்து லாரியில் ஏற்றி, நள்ளிரவு தாண்டி பஸ்ஸில் ஏறிப் படுத்தால் விடிகிறபோது வேறு ஊர். பாடகர் மேடையில் இருப்பது இரண்டு மணி நேரம். மீதி நேரமெல்லாம் நாற்பது ஐம்பது பேருடைய வேலை. நாவலில் இந்த நாற்பது ஐம்பது பேரில் ஒருவருக்குக்கூட முகம் கிடையாது. சாமான் தானாக மேடை ஏறி, தானாக இறங்குகிறது.

இப்போது அந்தப் பெண் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய மேடையில் பாடுகிறவர் இரண்டு காதிலும் இன்-இயர் என்ற, காதுக்குள் பொருந்தும் சின்ன ஹெட்போன் மாட்டியிருப்பார். வெளிச்சத்தம் பெரும்பாலும் அடைபட்டுவிடும். தன் குரல், வாத்தியங்கள், தாளம் பிடிக்க ஒரு க்ளிக் சத்தம், இவைதான் அவர் காதுக்குப் போகும். எதிரே ஆயிரக்கணக்கில் ஆள் கத்தினாலும் அவருக்கு ஏதோ தூரத்து இரைச்சல் மாதிரிதான் இருக்கும். அதனால் மேடை ஓரத்தில் கூட்டத்தைப் பார்த்தாற்போலத் தனியாக மைக் வைத்து, அந்தச் சத்தத்தை அளவாக அவர் காதில் கலந்துவிடுவோம். ரசிகர்கள் தன் பெயரைச் சொல்லி அழைப்பதே அவருக்கு ஒரு ஆள் தள்ளிவிடும் பொத்தான் வழியாகத்தான் கேட்கிறது.

அந்தப் பொத்தான், பாடகர் காதுக்குப் போகும் ஒலியைக் கவனிக்கும் மானிட்டர் இன்ஜினியர் கையில் இருக்கும். அவர் உட்காருவது மேடையின் பக்கவாட்டில். கச்சேரி முழுக்கப் பாடகரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். பாடகர் காதைத் தொட்டு விரலை மேலே காட்டினால் என் குரலை ஏற்று, கீழே காட்டினால் கிட்டாரைக் குறை என்று அர்த்தம். பழகப் பழக விரல்கூடத் தேவைப்படாது, புருவம் போதும். கூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் இரண்டு பேர் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

இதைவிட ஒரு காதல் கதைக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. நாயகிக்குக் காது உண்டு. நாயகன் காதை அடைத்துக்கொண்டு நிற்கிறான். எழுத்தாளர் மானிட்டர் கன்சோல் பக்கம் ஒரு மத்தியானம் நின்று பார்த்திருக்கலாம்.

இன்னொன்று. அவள் தினமும் புதிதாக ஒரு துணிப் பாஸை எடுத்துச் சட்டையில் ஒட்டிக்கொள்கிறாள் என்று நான்கைந்து இடத்தில் வருகிறது. அது எழுத்தாளர் எங்கோ கவனித்த உண்மையான விவரம். குழுவில் இருப்பவர்களுக்குப் பயணம் முழுவதற்கும் லேமினேட் செய்த ஒரே பாஸ், கழுத்தில் தொங்கும். ஒட்டும் பாஸ் அன்றைக்கு மட்டும் வந்துபோகிறவர்களுக்கு. அதாவது அவள் தினமும் விருந்தாளி. மறுநாள் மறுபடி அனுமதி வாங்க வேண்டும். இவ்வளவு நல்ல விஷயம் கையில் இருந்தும் அவளும் அதைக் கவனிக்கவில்லை, கதையும் கவனிக்கவில்லை. யாராவது ஒரு நாள் அவளுக்கு லேமினேட் கொடுப்பார்கள், அல்லது அவள் கேட்பாள், அதில் ஒரு சண்டை வரும் என்று கடைசி வரை எதிர்பார்த்தேன்.

---

தாள்வாசி

மேடைப்பின்புறம், பாஸ் விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. இப்போது திரும்ப எடுத்துப் பார்த்தேன். பழைய பாஸ்களின் பசை சட்டையில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது என்றுகூட ஓரிடத்தில் இருக்கிறது. அந்தச் சட்டையைக் கழற்றி அவள் துவைக்கப் போட்டுவிடுகிறாள், அவ்வளவுதான், அடுத்த பத்தியில் விருந்து.

எனக்கு ஒரு சந்தேகம். காலி அரங்கத்தில் சவுண்ட்செக் செய்ததும் ஆள் நிறைந்த பிறகு கேட்பதும் ஒன்றாக இருக்குமா?

---

மேடைப்பின்புறம்

இருக்காது. காலி அரங்கம் எதிரொலிக்கும். ஆள் வந்து உட்கார்ந்ததும் உடம்பும் துணியும் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும், முக்கியமாக மேல் அலைவரிசைகளை. மதியம் கணீரென்று கேட்டது ராத்திரி மந்தமாகிவிடும். அதனால் முதல் இரண்டு பாட்டுக்குள் காதை வைத்து எல்லாவற்றையும் திருத்திக்கொண்டே இருப்போம். மாடிப்படியில் மூச்சு தீர்ந்ததைப் பிடித்த பெண்ணுக்கு இது முதல் நாளே கேட்டிருக்கும்.

---

கடைசிப்பக்கம்

நான் வேறு ஒரு இடத்தில் ஏமாந்தேன். மேனேஜர்.

காதலை வெளியே சொல்லக்கூடாது என்று மேனேஜர் தடுக்கிறார். ஏன் என்ற கேள்விக்கு நாவல் தரும் பதில், அவர் கெட்டவர். குரல் கரகரப்பு, எப்போதும் போனில் யாரையோ திட்டுகிறார், சிரிக்கவே மாட்டார். கடைசியில் அவரை வேலையை விட்டு அனுப்பியதும் தடை நீங்கிவிடுகிறது.

நான் கொரிய பாப் இசையான கே-பாப், ஜப்பானிய பாப் இசையான ஜே-பாப் இரண்டையும் பல வருடமாகத் தொடர்ந்து கேட்கிறவள். காதலிக்கத் தடை என்பது ஒரு கெட்ட மனிதரின் குணத்திலிருந்து வருவதில்லை, அது அந்தத் தொழிலின் கணக்கிலிருந்து வருகிறது. 2013-ல் ஜப்பானின் ஏகேபி48 பெண்கள் பாடல் குழுவின் மினாமி மினேகிஷி ஒரு ஆணின் வீட்டில் இரவு தங்கியதாகப் பத்திரிகையில் படம் வந்ததும், தலையை மொட்டையடித்துக்கொண்டு அழுதபடி மன்னிப்புக் கேட்டு வீடியோ வெளியிட்டார். அவருக்கு அப்போது 20 வயது. 2015-ல் டோக்கியோ நீதிமன்றம் ஒன்று, காதல் தடையை மீறியதற்காக 17 வயது முன்னாள் பாடகி நிறுவனத்துக்கு 6,50,000 யென் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. அதற்குச் சில மாதங்கள் கழித்து, 2016 ஜனவரியில், இதே மாதிரி இன்னொரு வழக்கில் அங்கேயே நேர்மாறான தீர்ப்பு வந்தது. ஒருவரை நேசிப்பது மகிழ்ச்சியைத் தேடும் மனித உரிமையில் அடங்கும் என்று சொல்லி நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளிவிட்டார்கள். கொரியாவில் 2024-ல் ஏஸ்பா என்ற பாடல் குழுவின் கரீனா ஒரு நடிகரோடு பழகுவது வெளியே தெரிந்ததும், ரசிகர்கள் நிறுவனத்தின் வாசலுக்கே மின்பலகையில் கண்டனம் எழுதிய வண்டியை அனுப்பினார்கள். அவர் தன் கையால் மன்னிப்புக் கடிதம் எழுதிப் போட்டார். காதலித்ததற்கு!

இதில் யார் வில்லன்? நிறுவனமா, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பெற்றோரா, கடிதம் கேட்ட ரசிகர்களா? ஒப்பந்தங்கள் எவ்வளவு நீளமாக இருந்தன என்றால், கொரியாவில் 2009-ல் அரசின் வணிகப் போட்டி ஆணையம் தலையிட்டு 7 வருடத்துக்குமேல் போகக்கூடாது என்று மாதிரி ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவர வேண்டியிருந்தது. பதினாறு வயதில் கையெழுத்துப் போட்டவன் இருபத்து மூன்று வயது வரை எதையெல்லாம் தன்னுடையது என்று சொல்ல முடியாது? இந்த நாயகனுடைய ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று நாயகி ஒரு ராத்திரி படித்துப் பார்த்தாலே ஒரு நல்ல அத்தியாயம் கிடைத்திருக்கும். மேனேஜரும் அந்த ஒப்பந்தத்துக்குள் மாட்டிக்கொண்டவர்தான் என்று தெரியும்போது கதை இன்னும் வலிக்கும்.

---

நீலத்திமிங்கிலம்

புகைப்படத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லையே.

தோளில் கை வைத்த படத்தைப் பார்த்து உடைந்துபோவது என்பது இந்த வகைக் கதைகளில் தேய்ந்துபோன திருப்பம். சோர்வாக இருக்கிறது. உண்மையில் நடந்தது இதைவிட எவ்வளவோ பயங்கரம். 2011 நவம்பரில் பிரிட்டனில் பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவசன் விசாரணையில் நடிகை சியன்னா மில்லர் சாட்சி சொன்னார். அவருடைய அந்தரங்க விஷயங்கள் தொடர்ந்து பத்திரிகையில் வந்துகொண்டிருந்தன. நெருங்கிய நாலைந்து பேருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள். அம்மா, சகோதரி, தோழிகள் என்று எல்லாரையும் சந்தேகப்பட்டார், முகத்துக்கு நேரே குற்றம் சாட்டினார். கடைசியில் பார்த்தால் யாரும் எதையும் விற்கவில்லை. அவருடைய வாய்ஸ்மெயிலைப் பத்திரிகைக்காரர்கள் ஒட்டுக்கேட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்த நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட் என்ற வாரப் பத்திரிகை அதே வருடம் ஜூலையில் மூடப்பட்டது.

இன்னொன்றும் சொன்னார். 21 வயதில், நடுராத்திரியில், இருட்டான தெருவில் பத்து ஆண்கள் துரத்த ஓடியிருக்கிறேன், அவர்கள் கையில் கேமரா இருந்த ஒரே காரணத்தால் அது சட்டப்படி குற்றமில்லை என்று ஆகிவிட்டது என்றார். அந்தச் சாட்சியத்தைப் படித்த பிறகு, நாவலில் புகைப்படக்காரர்கள் துரத்தும் காட்சியைத் துள்ளலான கார்ச் சவாரியாக எழுதியிருப்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பின் சீட்டில் குனிந்து ஒளிகிறார்கள். படிக்கிறவர்கள் பதினாலு பதினைந்து வயதுப் பிள்ளைகள்.

படம் வந்ததும் அவள் அவனைச் சந்தேகப்படுவதற்குப் பதில், அது எப்படி வெளியே போனது என்று யோசித்து, தன் உயிர்த்தோழியைச் சந்தேகப்பட்டிருந்தால்? முதல் பாகத்தில் அந்தத் தோழி எவ்வளவு அருமையான பாத்திரம்! இங்கே இரண்டு வாய்ஸ் மெசேஜோடு சரி. பிரபல வாழ்க்கை ஒருவரிடமிருந்து முதலில் பறிப்பது நம்பிக்கையை. காதலன் மேல் இருக்கும் நம்பிக்கையை மட்டும் பறிப்பதாக எழுதினால் பாதிக் கதைதான்.

---

சில்வண்டு

இதையெல்லாம் படிச்சா எனக்கே புத்தகத்து மேல கோபம் வருது. நல்லா இருந்ததுன்னு சொன்னதை வாபஸ் வாங்கமாட்டேன், ஆனா இவ்வளவு இருக்கேன்னு தோணுது.

எனக்கு ஒண்ணு உறுத்துச்சு, யாரும் சொல்லல. ரசிகர்கள். முதல் பாகத்துல அவளே ரசிகைதானே? அவன் முதல் ஆல்பத்தை விடியற வரைக்கும் கேட்டு, பாட்டுக்குப் பாட்டு எங்க எந்த வாத்தியம் நுழையுதுன்னு நோட்டுல எழுதி வெச்சிருப்பா. இரண்டாம் பாகத்துல ரசிகைகள்னா கத்துறவங்க, தலைமுடியைப் பிடிச்சு இழுக்கிறவங்க, அசிங்கமா கமெண்ட் போடுறவங்க. அவ்வளவுதான். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு கையில நோட்டோட நிக்கிறதா ஒரே ஒரு வரி வருது. நாயகி அவளைத் தாண்டிப் போயிடுறா. நான் அங்க நின்னுட்டேன். அது அவதானே! ஒரு வருஷத்துக்கு முந்தி அவதானே அது!

நானும் ஒரு பாடகருக்கு ரசிகை. என்னை யாராச்சும் பைத்தியம்னு எழுதினா வலிக்கும்.

---

தாள்வாசி

நோட்டுப் புத்தகப் பெண்! படித்தபோது ஏதோ உறுத்தியது, அது என்னவென்று நீ சொன்ன பிறகுதான் தெளிவானது.

தூரத்திலிருந்தே நெருக்கம் என்று ரசிகருக்கும் பிரபலத்துக்கும் இடையிலான இந்த உறவை ஹோர்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே எழுதியிருக்கிறார்கள். அப்போது அவர்கள் பார்த்தது வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்துகிறவர்களை. நேயர் அந்த முகத்தைத் தினமும் பார்க்கிறார், பழகியவர்போல் உணர்கிறார், அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கோ இவர் யாரென்றே தெரியாது. அவர்கள் அதை நோயாகப் பார்க்கவில்லை, பெரும்பாலும் இயல்பான ஒன்றாகத்தான் பேசுகிறார்கள். நம் நாயகி அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குத் தாண்டி வந்தவள். இரண்டு கரையையும் பார்த்த ஒரே பாத்திரம் இந்தக் கதையில் அவள்தான். அவள் நின்று அந்த நோட்டை வாங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

---

இரவுவாசிப்பு

எழுத்தாளர் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றுவது நியாயமா என்று யோசிக்கிறேன்.

இந்த வகை நாவல்கள் பெரும்பாலும் வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வெளியாகின்றன. முதல் பாகம் ஓடினால் அடுத்ததற்குத் தேதி குறித்துவிடுகிறார்கள். படித்த பிள்ளைகள் வளர்ந்து வேறு ரசனைக்குப் போவதற்குள் அடுத்தது கைக்குப் போக வேண்டும் என்ற அவசரம். 2014 நவம்பரில் பிரிட்டனில் ஒரு யூடியூப் நட்சத்திரத்தின் பெயரில் வந்த இளையோர் காதல் நாவல் முதல் வாரத்திலேயே 78,109 பிரதிகள் விற்றது. அதுவும் பாடகனைக் காதலிக்கும் பெண்ணின் கதைதான். அவர் அதைத் தனியாக எழுதவில்லை என்று அடுத்த மாதமே பதிப்பகம் ஒப்புக்கொண்டது. இருந்தாலும் 2015-ல் இரண்டாம் பாகம், 2016-ல் மூன்றாம் பாகம் என்று வண்டி நிற்காமல் ஓடியது. இப்படி ஒரு சந்தையில் ஒருவர் நிதானமாக மானிட்டர் கன்சோல் பக்கம் போய் நிற்க வேண்டும் என்று கேட்கிறோம்.

---

தாள்வாசி

அவசரம் இருந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவசரத்தில் எழுதினால் விவரம் குறையலாம், வாக்கியம் தளரலாம், ஒரு துணைப்பாத்திரம் மறந்துபோகலாம். நாயகியின் கனவு எப்படி மறந்துபோகும்? அதை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு நாள்கூட அதிகம் தேவையில்லையே. அதோடு, ஓட்டல் அறையும் பாஸின் பசையும் எழுதியவருக்குக் கண் இருக்கிறது. திறமையில்லாதவர் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்கவே மாட்டேன்.

இளையோர் நாவல்தானே, இதற்குப் போய் இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. நான் பதினைந்து வயதில் படித்த புத்தகங்கள் எனக்குள் வைத்துவிட்டுப் போனதை இருபத்தைந்தில் படித்தவை வைக்கவில்லை. அந்த வயதுக்கு எழுதுகிறவர்களிடம்தான் அதிகம் கேட்க வேண்டும்.

---

கடைசிப்பக்கம்

படிப்பை விடும் முடிவில் மட்டும் உங்களோடு முழுசாக ஒத்துப்போக முடியவில்லை, தாள்வாசி. பதினேழு வயதில் காதலனுக்காகக் கல்லூரி இடத்தை விடுகிற பெண்கள் இருக்கிறார்கள். நாவலில் வரும் பெண் புத்திசாலித்தனமாகத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று நாம் கட்டளை போட்டால் அப்புறம் அது நீதிக்கதை. அவள் தவறு செய்ய உரிமை வேண்டும்.

---

தாள்வாசி

செய்யட்டும். அவள் அந்த விமானத்தில் ஏறுவதை நான் தடுக்கவில்லை. ஆனால் எதை விட்டுவிட்டு ஏறுகிறாள் என்று புத்தகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தை அவள் இரண்டாவது தடவை படிக்கக்கூட இல்லை. முதல் பாகத்தில் ஒரு பழைய மைக் வாங்க வருடம் முழுக்கப் பணம் சேர்த்தவள். அந்த மைக் இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. விமானத்தில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் அவளுக்குக் கை நடுங்கியிருந்தால், அல்லது அவன் உனக்கு நிச்சயமா என்று கேட்டு அவள் பொய் சொல்லியிருந்தால், இந்த முடிவை நான் பெரிய முடிவு என்று கொண்டாடியிருப்பேன். இப்போது இருப்பதில் அவளுக்கு இழப்பே இல்லை, ஏனென்றால் இரண்டாம் பாகம் தொடங்கும்போதே அவளுக்கு அந்த ஆசை இருந்ததாக எழுதப்படவில்லை.

அவனைப் பற்றியும் கேளுங்கள். இவள் காதை நேசித்தவன் அவன். அவள் இடத்தை விடுகிறேன் என்றதும் எந்தத் தயக்கமும் இல்லாமல் கட்டியணைத்துக்கொள்கிறான். அவனுக்காவது வலித்திருக்க வேண்டாமா?

---

கடைசிப்பக்கம்

மைக். ஆமாம், அந்த மைக்கை நானும் மறந்தே போனேன். கை நடுங்கியிருந்தால் என்று நீங்கள் சொல்வதுதான் நான் கேட்கும் உரிமையும். அப்படியென்றால் நமக்குள் சண்டை இல்லை.

---

நீலத்திமிங்கிலம்

மூன்றாம் பாகம் வந்தால் படிப்பீர்களா?

---

தாள்வாசி

படிப்பேன். முதல் பாகத்தை எழுதிய கை இன்னும் அங்கே இருக்கிறது என்று நம்புகிறேன். ஒரு வருடம் கழிந்திருக்க வேண்டும், அவள் ஒட்டும் பாஸில் அலுத்திருக்க வேண்டும், ஒருநாள் மேடைப்பின்புறம் சொன்ன அந்தப் பக்கவாட்டு இருக்கைக்கு அருகில் போய் நின்று எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்க வேண்டும். அவளுக்குக் கற்றுத்தருபவர் முப்பது வருடம் மேடையில் நின்ற, பேச்சு குறைந்த ஒரு பெண்மணியாக இருந்தால் இன்னும் சந்தோஷம். அவனோடு அவள் பிரிந்தாலும் சரி, சேர்ந்தாலும் சரி.

---

மேடைப்பின்புறம்

அப்படி ஒரு பெண்மணியிடம்தான் நான் தொழில் கற்றேன். எழுத்தாளர் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வேன்.

---

வெள்ளைப்பக்கம்

இழையை முழுதும் படித்தேன். பதிமூன்று வயது அக்கா மகள் இந்த இரண்டையும் கேட்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமா? இரண்டாம் பாகம் இல்லாமல் முதல் பாகம் முடிந்த மாதிரி இருக்குமா?

---

தாள்வாசி

முதல் பாகம் தனியாகவே முழுமையான கதை, தயங்காமல் கொடுங்கள். முத்தத்தைத் தாண்டி ஒன்றும் இல்லை. இரண்டாம் பாகத்தில் நாயகியைப் பற்றி இணையத்தில் எழுதும் வசைகள் பக்கம் பக்கமாக வருகின்றன, அவள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பதும் வருகிறது, அதற்கு யாரும் உதவுவதாகக் கதையில் இல்லை. கேட்டால் கொடுங்கள், ஆனால் நீங்களும் கூடவே படியுங்கள். அந்தக் கார் துரத்தல் வரும்போது நீலத்திமிங்கிலம் மேலே எழுதியதை அவளிடம் பேசுங்கள்.

---

சில்வண்டு

ஓட்டல் அறை அத்தியாயத்தை மட்டும் கண்டிப்பா படிக்கச் சொல்லுங்க. பதினோராவது அத்தியாயம்.